வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்: திறப்பது முதல் மூடுவது வரை

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே குரூப் தொடங்கி, டிபி வைத்து, எல்லோரையும் சேர்த்துவிட்டு, "இனி இதில் என்ன போடுவது?" என்று யோசிப்பவர்களே அதிகம். ஆகஸ்ட் வருவதற்குள் அந்தக் குரூப்பில் குட்மார்னிங் பூக்களும், கோயில் கொடை நோட்டீசும், யாரோ தொலைத்த ஆதார் கார்டும்தான் மிஞ்சியிருக்கும். இதற்குப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால் வந்த வினை இது.

குமரி மாவட்டத்தில் 6 முதல் 12 வரை வகுப்பெடுக்கும் டீச்சர்களுக்கும் சார்மார்களுக்கும் ஆனது இந்த வழிகாட்டி. 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பைக் கணக்கில் வைத்திருக்கிறோம். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் நான்கு படிகள் முடியும்வரை போனில் குரூப்பைத் திறக்க வேண்டியதில்லை.

1. எந்த வேலைக்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"பிள்ளைகளின் கல்வி முன்னேற்றத்துக்காக" என்று எழுதினால் அது வேலையாகாது. "வாரம் இரண்டு கணக்குப் பயிற்சி", "வாரம் ஒருமுறை ஆங்கிலப் பாடல் வாசிப்பைக் குரல் பதிவாக வாங்குவது", "மழை பெய்த நாளில் அளவெடுத்துக் குறிப்பது" என்று எண்ணிக்கையோடு இருக்க வேண்டும்.

ஒரு குரூப்புக்கு ஒரு வேலை போதும். ஹோம்வொர்க், பி.டி.ஏ. கூட்டம், பஸ் பாஸ், பரீட்சை அட்டவணை எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால், கணக்குப் பயிற்சியைத் தேடி ஒரு அம்மா முப்பது செய்தி மேலே போக வேண்டிவரும். இரண்டாவது முறை அவர் தேடமாட்டார்.

எழுதிய வரியைத் தலைமையாசிரியரிடம் காட்டி, கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு புகார் வந்தால், இந்தக் குரூப் பள்ளிக்குத் தெரிந்து நடந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

2. வேலைக்கு ஏற்ற தளம், வயதுக்கு ஏற்ற ஆள்

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அதற்குக் கீழே. அதனால் 8-ஆம் வகுப்புவரை பெற்றோரின் எண்ணை மட்டும் சேர்க்க வேண்டும். ஒன்பதுக்கு மேலும் அப்படியே செய்வது நல்லது. காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

பயிற்சியை வீடுவரை கொண்டுசேர்க்க வாட்ஸ்அப் போதும், அது இல்லாத போன் அரிது. விளக்க வீடியோவுக்கு யூடியூப். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக்கு வினாடி வினா நடத்த டெலிகிராம் சேனல் நன்றாக இருக்கும். அதில் சரியான விடையையும் விளக்கத்தையும் முன்கூட்டியே வைக்கலாம், யார் எதைத் தொட்டார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. ஃபேஸ்புக் பக்கம் ஆண்டு விழாவுக்கும் பழைய மாணவர்களுக்கும் சரி, வகுப்புக்கு வேண்டாம். ஊரே பார்க்கும் இடத்தில் ஒரு பிள்ளை தப்பாக விடை சொல்லிப் பழக முடியாது.

3. ஒப்புதல் சீட்டு

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களைப் பற்றிய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட பெற்றோர் குரூப்பைக் கொஞ்சம் கவனிக்கவும் செய்வார்.

சீட்டு அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இப்படி இருந்தால் போதும்:

"7-பி கணக்குப் பயிற்சிக்காக வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஜூலை முதல் ஏப்ரல் வரை நடக்கும். வாரம் இரண்டு பயிற்சி வரும். அட்மின்கள் மட்டுமே எழுதுவார்கள். பிள்ளையின் முகம் தெரியும் படம் போடப்படாது. ஏப்ரலில் குரூப் அழிக்கப்படும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் மதிப்பெண் குறையாது. சேர்க்க வேண்டிய எண்: ______ இந்த எண் யாருடையது: ______ மாலையில் வீட்டில் இருக்குமா: ஆம் / இல்லை."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். தூத்தூர், குளச்சல் பக்கம் அப்பாவின் எண்ணை வாங்கினால் அது படகோடு ஆழ்கடலுக்குப் போய்விடும், செய்தி வாரக்கணக்கில் ஒற்றை டிக்கிலேயே நிற்கும். அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தால் அவர் எண்ணையும் சேர்க்கலாம். இங்கே மாலை 7 மணி என்றால் அங்கே 5.30. ஆனால் நோட்டைத் திறக்கச் சொல்வது வீட்டில் இருப்பவர்தான், அதனால் அம்மா அல்லது பாட்டியின் எண் கட்டாயம் வேண்டும்.

விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் சில வீடுகளில் மலையாளம்தான் வாசிப்பார்கள். மலையாளம் தெரிந்த சக ஆசிரியரிடம் சொல்லி, சீட்டின் பின்பக்கத்தில் அதையும் எழுதிவிடுங்கள்.

4. தனி எண், இரண்டாவது அட்மின்

சொந்த எண்ணில் தொடங்கினால் உங்கள் ஸ்டேட்டஸ், டிபி, கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரம் எல்லாம் 40 வீட்டுக்கும் தெரியும். ராத்திரி 11 மணிக்கு "டீச்சர், நாளைக்கு லீவா?" என்று அழைப்பும் வரும். ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸ்அப்பில் இரண்டு கணக்கு வைக்கலாம், இல்லையென்றால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை அந்த எண்ணில் போடலாம். அதுவும் இலவசம்தான்.

அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு உங்கள் வகுப்பின் அட்மின் எண் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும்.

இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறிலக்கப் பின் நம்பரை முதல் நாளே போட்டுவிடுங்கள். இரண்டாவது அட்மினாக ஒரு சக ஆசிரியரைச் சேருங்கள். நீங்கள் சார் என்றால் ஒரு டீச்சரைச் சேர்ப்பது முறை. நீங்கள் விடுப்பில் போனால் வேலை நிற்காது, என்ன எழுதினீர்கள் என்பதற்கு இன்னொரு கண்ணும் இருக்கும்.

5. இனி திறக்கலாம்: அமைப்புகள்

முதலில் எண்களைச் சேமியுங்கள். பிள்ளையின் பெயரில் சேமிக்காமல் "7பி 01 அம்மா", "7பி 02 பாட்டி" என்று வரிசை எண்ணோடு சேமித்தால் பட்டியல் வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே நிற்கும். போன் தொலைந்தாலும் யார் பிள்ளை என்பது எடுத்தவருக்குத் தெரியாது.

சாதாரண குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். நாற்பது அம்மாக்களின் எண்ணும் நாற்பது வீட்டுக்குப் போகிறது என்று பொருள். அதில் யாரோ ஒருவர் வேண்டாத செய்தி அனுப்பத் தொடங்கினால் பழி பள்ளிக்குத்தான். அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் "கம்யூனிட்டி" என்ற வசதியை எடுப்பது நல்லது. அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினரின் எண் அட்மினுக்கும், ஏற்கெனவே அந்த எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கும் மட்டுமே தெரியும். அட்மின் மட்டும் எழுதும் ஏற்பாடு அங்கே தானாகவே இருக்கும். கூடவே "ஜெனரல்" என்று ஒரு குரூப் முளைத்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

சாதாரண குரூப்பே போதும் என்றால், குரூப் பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போய் மூன்றை மாற்றுங்கள். செய்தி அனுப்புவது அட்மினுக்கு மட்டும். ஆட்களைச் சேர்ப்பது அட்மினுக்கு மட்டும். புதியவர் வந்தால் அட்மின் ஒப்புதல் வேண்டும். இதை ஆட்களைச் சேர்க்கும் முன்பே செய்ய வேண்டும். சேர்த்த பிறகு பூட்டினால், "எங்களைப் பேசவிடாமல் செய்துவிட்டார்கள்" என்று அதுவே ஒரு மனத்தாங்கல் ஆகும்.

அழைப்பு லிங்கை எங்கும் ஒட்டாதீர்கள். லிங்க் தெரு சுற்றும். நேரடியாகச் சேர்க்க முடியாதவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.

முதல் செய்தியாக நான்கு வரி விதியைப் போட்டு, அது எப்போதும் மேலே தெரியும்படி "பின்" (pin) செய்யுங்கள்: என்ன வரும், எந்தக் கிழமை வரும், சந்தேகத்தை எப்படிக் கேட்பது, எத்தனை மணிக்கு மேல் பதில் வராது. இதோடு இன்னொன்றும் சொல்லுங்கள். போன் அமைப்பில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்திவைத்தால் டேட்டா மிஞ்சும். பல வீடுகளில் ஒருநாள் டேட்டாவை மற்ற குரூப்களின் வீடியோக்களே மாலைக்குள் தின்றுவிடுகின்றன.

6. ஒரு பயிற்சியை எழுதுவது எப்படி

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். மற்றதெல்லாம் ஒருமுறை செய்கிற வேலை, இது வாரம் இரண்டு முறை வருகிறது.

புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து "பயிற்சி 2.3 செய்யவும்" என்று அனுப்புவது வீண். புத்தகம் பிள்ளையிடமே இருக்கிறது, பக்க எண் போதும். போனில் வருவது புத்தகத்தில் இல்லாததாக, வீட்டிலோ ஊரிலோ பார்த்து, தொட்டு, அளந்து வரக்கூடியதாக இருக்கட்டும். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை ஒரு வாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது ஒரு வரைபடத்துக்குப் போதும். கல்யாண முகூர்த்த நாள் அந்தக் கோட்டில் தானாகவே தெரியும்.

விகிதப் பாடத்துக்கு ஒரு முழு உதாரணம்:

"7-பி கணக்கு. செவ்வாய்.
படத்தில் மூன்று கோடு போட்டிருக்கிறேன். கீழ்க்கோட்டிலிருந்து நடுக்கோடுவரை பீடம். நடுக்கோட்டிலிருந்து மேல்கோடுவரை வள்ளுவர் சிலை. இரண்டையும் ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து விகிதமாக எழுதவும்.
வீட்டில் காலண்டரிலோ புத்தகத்திலோ வேறு படம் இருந்தால் அதிலும் அளக்கவும்.
விடை வியாழன் காலை நோட்டில்."

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். வகுப்பும் கிழமையும் முதல் வரியிலேயே இருக்கின்றன, ஏனென்றால் ஒரே போனில் அண்ணன் வகுப்பு, தங்கை வகுப்பு என்று இரண்டு மூன்று குரூப் இருக்கும். எங்கிருந்து எங்குவரை அளப்பது என்பதைக் கோடு காட்டிவிடுகிறது. கோடு இல்லாவிட்டால் ஒரு பிள்ளை பாறையையும் சேர்த்து அளக்கும், இன்னொன்று மண்டபத்தின் பாதியில் தொடங்கும். கடைசியில் காலக்கெடு. விடை எங்கே வர வேண்டும் என்பதையும் அந்த வரியே சொல்லிவிடுகிறது.

உண்மையில் பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. விகிதம் 2:5. தூரத்தில் கரையிலிருந்து எடுத்த படத்தில் அளந்த பிள்ளைகளுக்கு இதை ஒட்டி வரும். படகிலோ சிலையின் அடியிலோ நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் மேல்பகுதி சுருங்கியிருக்கும், 2:4 என்றுகூட வரலாம். "ஒரே சிலைக்கு இரண்டு விகிதம் எப்படி?" என்ற கேள்வி வியாழக்கிழமை வகுப்பறையில் எழ வேண்டும். செவ்வாய் ராத்திரியே சரியான விடையைக் குரூப்பில் போட்டுவிட்டால் பாடமே போச்சு. ஆசிரியர்கள் அதிகம் செய்யும் தவறும் இதுதான்.

அனுப்பும் நேரம் மாலை 5.30-க்கும் 7-க்கும் இடையில் இருக்கட்டும். வேலைக்குப் போன போன் அப்போதுதான் வீட்டுக்கு வரும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டியவர்கள், எட்டரைக்குப் பிறகு வரும் செய்தி அவர்களுக்கு மறுநாள் செய்தி. எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்கு மேல் ஆனால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். "மேலே சொன்னது தவறு" என்று இரண்டையும் விட்டுவைத்தால் பாதி வீடுகள் மேலே உள்ளதைத்தான் செய்யும்.

7. விடையை வாங்குவது

நாற்பது பேரும் நோட்டைப் படமெடுத்து அனுப்பினால், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வீதம் 80 நிமிடம் போகும். இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். பார்க்காமல் விட்டால் பிள்ளைகளும் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் விடை நோட்டில்தான். போனில் படமாக வாங்குவது ஒரு பயிற்சிக்கு எட்டுப் பேரிடம் மட்டும், வரிசை எண்ணின்படி சுற்று முறையில். ஐந்து பயிற்சியில் எல்லோரும் ஒருமுறை வந்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் "போல்" (poll) எனும் வாக்கெடுப்பு வைத்து விடை கேட்காதீர்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்பது அதைத் தொட்டால் எல்லோருக்கும் தெரியும். தவறாகத் தொட்ட பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்துவிடும். கூட்டத்துக்கு எந்த நாள் வசதி என்று கேட்க மட்டும் அந்த வாக்கெடுப்பு நல்லது.

வாசிப்பு, ஒப்புவித்தல், ஆங்கில உச்சரிப்பு இவற்றுக்குக் குரல் பதிவே சிறந்தது. வீடியோவைவிட மிகக் குறைந்த டேட்டாவில் போகும், முகமும் தெரியாது. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் பெற்றோரின் எண்ணிலிருந்து வர வேண்டும், உங்கள் பதிலும் அந்த எண்ணுக்கே போக வேண்டும். பிள்ளையின் சொந்த எண்ணோடு தனி உரையாடல் வேண்டாம். நல்ல எண்ணத்தில் தொடங்கினாலும் அது பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் இல்லை. மதிப்பெண்ணையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். போட்டால் வீட்டின் போனுக்கு மதிப்பெண் போட்டதாகிவிடும்.

8. போன் இல்லாத வீடு

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக் குடியிருப்புகளிலும் கோதையாறு பக்கமும் சிக்னல் எட்டாத இடங்கள் உண்டு. டவுனிலும் போன் உடைந்து கிடக்கும் வீடு எந்த மாதமும் ஒன்றிரண்டு இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கென்று பிறகு தனியாக ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

ஒரே விதி: குரூப்பில் மாலை வருவது, அன்று கடைசிப் பீரியடில் கரும்பலகையில் வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். குரூப்பில் இருப்பது இரண்டாவது நகல், மறந்தவர்களுக்கும் லீவு போட்டவர்களுக்கும். படம் வேண்டிய பயிற்சி என்றால் ஐந்தாறு பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வீடியோ என்றால் ஹைடெக் லேபில் ஒருமுறை போட்டுக் காட்டலாம்.

யாரிடம் போன் இல்லை என்று வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். சீட்டிலேயே அந்தக் கணக்கு வந்துவிடும்.

9. வீடியோ போடுவதென்றால்

நான்கு முதல் ஆறு நிமிடம், ஒரே ஒரு கணக்கு அல்லது ஒரே ஒரு இலக்கண விதி. போனை மேலிருந்து கீழே பார்க்கும்படி கட்டி, நோட்டையும் உங்கள் கையையும் மட்டும் எடுங்கள். முகம் தேவையில்லை. ஃபேனை நிறுத்திவிடுங்கள், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஃபேன் இரைச்சலில் பேச்சு கேட்காது.

யூடியூபில் ஏற்றும்போது "அன்லிஸ்டட்" என்று வையுங்கள். லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், தேடலில் வராது. வீடியோவை நேராக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்க விரும்பாதவர் போனிலும் இடம் பிடிக்கும். யூடியூப் என்றால் சிக்னல் குறைந்த வீட்டில் படத்தின் தரத்தைக் குறைத்தும் பார்க்கலாம்.

பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், பதிப்புரிமைக் கோரிக்கை வந்து வீடியோ முடங்கலாம். பிள்ளைகள் வரும் காட்சி இருந்தால் அடையாள அட்டையும் சட்டையிலுள்ள பள்ளி முத்திரையும் தெரிகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். படங்களை டாகுமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம், சாதாரணப் படமாக அனுப்புங்கள்.

10. வழக்கமாக வரும் கோளாறுகள்

மழை லீவு வதந்தி. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வானம் கறுத்ததும் போன வருட அறிவிப்பு ஒன்று தேதியை வெட்டிய படமாகச் சுற்றத் தொடங்கும். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைத் தலைமையாசிரியர் உறுதி செய்யும்வரை குரூப்பில் ஒரு வார்த்தையும் வேண்டாம். "விசாரித்துச் சொல்கிறேன்" என்றுகூடப் போடாதீர்கள், அதைப் பாதிப்பேர் லீவு என்றே படிப்பார்கள்.

ஓ.டி.பி. திருட்டு. பெற்றோர் ஒருவரின் எண்ணிலிருந்து "தவறுதலாக ஆறு இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்றோ, கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. கோப்பாகவோ (தொட்டால் போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், அந்தக் கணக்கு வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். உடனே அந்த எண்ணைக் குரூப்பிலிருந்து நீக்குங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் இல்லாமல் சாதாரண அழைப்பில் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையைக் கேலி செய்யும் படம் அல்லது மிரட்டல். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். ஆபாசம் கலந்தது என்றால் நகல் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது, அதுவே குற்றமாகும். உள்ளது உள்ளபடி தலைமையாசிரியர் வழியாகப் போலீசுக்குத் தெரிவியுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

குரூப் ஓய்ந்துபோவது. மூன்றாவது வாரத்தில் இது வரும். பெரும்பாலும், அனுப்பிய பயிற்சியை வகுப்பில் எடுத்துப் பேசாமல் விட்டதுதான் காரணம். வியாழக்கிழமை முதல் ஐந்து நிமிடத்தை அதற்கென்று ஒதுக்கிப் பாருங்கள்.

11. ஏப்ரலில் மூடுவது

ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வேண்டிய படங்களைப் பெற்றோர் எடுத்துக்கொள்ளட்டும்.

கம்யூனிட்டி என்றால் அதை டிஆக்டிவேட் செய்தால் அறிவிப்புப் பகுதியும் மூடிக்கொள்ளும். சாதாரண குரூப்பில் நீங்கள் மட்டும் வெளியேறினால் அது மூடாது, அட்மின் யாரும் இல்லாதபோது உறுப்பினரில் ஒருவர் தானாகவே அட்மினாகிவிடுவார். பள்ளியின் பெயரில் ஒரு குரூப் யார் பொறுப்பும் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும். எனவே முதலில் எல்லோரையும் ஒவ்வொருவராக நீக்கி, இரண்டாவது அட்மினை நீக்கி, கடைசியாக நீங்கள் வெளியேறிக் குரூப்பை அழியுங்கள். 40 பேருக்குப் பத்து நிமிட வேலை.

பிறகு உங்கள் போனில் தங்கிவிட்ட நோட்டுப் படங்களையும் குரல் பதிவுகளையும் அழியுங்கள். கூகுள் போட்டோஸ் தானாகச் சேமித்திருந்தால் அங்கேயும் ஒருமுறை பார்த்து அழித்துவிடுங்கள். ஒப்புதல் சீட்டுகளைக் கட்டி அலுவலகத்தில் ஒப்படையுங்கள். சிம்மை அடுத்த ஜூன்வரை ரீசார்ஜில் வைத்திருங்கள்.